திங்கட்கிழமைத் தண்ணீர்

ஆலைக் குடியிருப்பு, வீடு எண் 9,
தெலுக் ஆன்சன் அருகில்.
14 ஏப்ரல் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

ஐயாவு எழுதுகிறேன். எட்டு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று பயந்திருப்பாய். யாரும் சாகவில்லை. நீ இருக்கும் கம்பத்துக்கு, அந்த மலாய்க் கிராமத்துக்கு, ஏழு மைல் மேலே, அதே ஆற்றின் கரையில், நான் வேலைக்கு வந்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சிம்பாங் பூலாய்ப் பக்கம் நம் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரங்களையெல்லாம் வெட்டிவிட்டார்கள். நிலம் வீடு கட்டப் போகிறது. நாம் குடியிருந்த லயங்களையும் இடித்தாயிற்று. என்னைப் படிக்க வைத்த அதே கம்பெனி இங்கே ஒரு செம்பனை எண்ணெய் ஆலை நடத்துகிறது. படிப்புக்குப் பதிலாக ஏழு வருடம் அவர்களிடமே வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். குடியிருப்பில் ஒரு வீடு தந்தார்கள். அப்பாவும் அம்மாவும் என்னோடுதான். போன வருடம் சர்க்கரை வியாதியில் அப்பாவின் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இதையும் நான்தான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் வேலை என்னவென்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. வீட்டில் கேட்பவர் இல்லை. அப்பாவைப் பொறுத்தவரை நான் ஆபீசில் ‘கெமிக்கல்’ பார்க்கிறவன். பழக்குலையை வேகவைத்து எண்ணெய் பிழிந்த பிறகு ஒரு கழிவு மிஞ்சும். கொதிக்கக் கொதிக்க, கஞ்சி மாதிரி, பழுப்பாக. இத்தனை நாளும் அதை ஒரு பள்ளத்தில் தேக்கி, மழை வந்ததும் அப்படியே ஆற்றில் விட்டார்கள். ஆற்றில் சேர்ந்ததும் அது தண்ணீரிலுள்ள பிராணவாயுவைத் தின்னத் தொடங்கும். மீனுக்கு மூச்சுவிட மிச்சம் இருக்காது. எவ்வளவு தின்னும் என்பதை ஓர் எண்ணாகச் சொல்வோம். ஆலையிலிருந்து வரும்போது அது இருபத்தையாயிரம். இப்போது சட்டம் வந்திருக்கிறது. இந்த வருடம் இரண்டாயிரத்துக்குள், அடுத்த வருடம் ஆயிரத்துக்குள், அப்படியே குறைத்துக்கொண்டே போக வேண்டும். குறைக்க வேண்டியவன் உன் தம்பி.

நான்கு பெரிய குளம் வெட்டி, கழிவை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெதுவாக விட்டால் போதும், அக்கா. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே அதைத் தின்று தீர்த்துவிடும். இடமும் பொறுமையும் இருந்தால் நான்காவது குளத்தில் மீன் வளர்க்கலாம். வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. பதில் எழுதினால் பாசார் தெரு இராமசாமி மளிகைக் கடை முகவரிக்கு, என் பேருக்குப் போடு. மச்சானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
ஐயாவு

*

2 மே 1979

தம்பி ஐயாவுக்கு அக்கா செல்லாயி எழுதிக்கொண்டது.

உன் கடிதத்தை நான் இரண்டு தரமும் உன் மச்சான் ஒரு தரமும் படித்தோம். அப்பா கால் விஷயத்தைப் படித்ததும் சம்பான் படகைக் கட்டுகிற இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். அழுதாயா என்று கேட்காதே. சிலுவை கும்பிடுகிற வேதக்காரனைக் கட்டிக்கொண்டவள் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று அந்தக் காலால்தான் கதவை உதைத்துச் சாத்தினார். அதுதான் முதலில் ஞாபகம் வந்தது. அப்புறம், நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அந்தக் கால்மேல் நிற்கவைத்து நடந்தது ஞாபகம் வந்தது. இரண்டும் ஒரே கால்தானே.

அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? எனக்கு ஒரே பெண். பெட்ரீசியா. ஏழு வயது. வாய் அதிகம். அம்மாவிடம் ரகசியமாகச் சொல்.

உன் வேலை எனக்குப் புரிந்தது. நீ எழுதுவதற்கு முன்பே தெரியும் என்றுகூடச் சொல்லலாம். உன் மச்சான் இந்த ஆற்றில்தான் இறால் பிடித்து தெலுக் ஆன்சனில் மொத்தமாக வாங்கும் ஒரு சீனத் தவுக்கேயிடம் கொடுக்கிறார். மழை பெய்த மறுநாள் தண்ணீர் கறுத்து வரும். புளித்த சோற்று வாடை. இறால் எல்லாம் தண்ணீரை விட்டுக் கரையேறி, புல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கையாலேயே எடுக்கலாம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அதற்குப் பிறகு பத்து நாள் கூண்டில் ஒன்றும் விழாது. மூச்சுவிடத்தான் ஏறி வந்தன என்று இப்போதுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு எடுக்கக் கை வரவில்லை.

உன் மச்சான் சொல்கிறார்: “ஒன் தம்பி நல்ல வேலையாத்தான் பாக்குறான். நாலு கொளம் வெட்டட்டும், நானே மீனு கொண்டாந்து விடறேன்னு எழுது லா.”

எழுதிவிட்டேன்.

செல்லாயி

*

20 நவம்பர் 1979

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது. இரண்டு குளம்தான் வெட்டினார்கள்.

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நான் குறித்திருந்த இடத்தில் போன வாரம் செம்பனைக் கன்று நட்டுவிட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தபோது வரிசை வரிசையாக நின்றது. மேனேஜரிடம் போனேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். “ஐயாவு, குளம் காய் காய்க்குமா? இரண்டு குளத்தில் முடியாததைச் செய்யத்தானே உன்னைப் படிக்க வைத்தோம்?” கேட்டுவிட்டுச் சிரித்தார். கெட்ட மனிதர் என்று சொல்லவும் முடியவில்லை. அப்பாவுக்குச் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

இரண்டு குளமும் ததும்பி நிற்கின்றன. பம்ப் வீட்டில் இருக்கும் சன்னாசி அண்ணனுக்கு ஓர் உத்தரவு உண்டு. மழை பிடித்தால் குளத்தின் அடியிலிருந்து ஆற்றுக்குப் போகும் அடிக்குழாயைத் திறந்துவிட வேண்டும். மழைத்தண்ணீரோடு போனால் நிறம் தெரியாது. நீ எழுதிய கறுப்பு அதுதான். நான் தடுத்தேன். “தம்பி, நான் தொறக்கலன்னா வேற ஆளு தொறப்பான். எனக்கு வூடு போயிரும்” என்றார் அவர்.

ஜனவரியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறார்கள். அவர்களிடம் நேரில் சொல்லப் போகிறேன். அதுவரை பொறு அக்கா. மழை நாளில் ஆற்றுத் தண்ணீரில் பெட்ரீசியாவைக் குளிக்க விடாதே.

ஐயாவு

*

11 பிப்ரவரி 1980

ஐயாவுக்கு,

போன வெள்ளிக்கிழமை நடந்ததை நீயும் பார்த்தாய். இருந்தாலும் எழுதுகிறேன். நீ பார்த்தது அலுவலகத்துக்குள்ளிருந்து. நான் பார்த்தது உன் மச்சான் திரும்பி வந்த முகத்தை.

புதன்கிழமை ஆறு முழுக்க மீன் செத்து மிதந்தது. சின்னது பெரியது எல்லாம். கம்பத்து மலாய்க்காரர்களும் நாங்களுமாகக் கம்பால் தள்ளித் தள்ளிப் பார்த்தோம், தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஏழு பேர் ஆலைக்குப் போவது என்று முடிவாயிற்று. “ஐயாவு அங்கதானே இருக்கான், நான் பேசிக்கிறேன்” என்று உன் மச்சான்தான் முன்னால் போனார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

நீ மேனேஜர் பக்கத்தில் நின்றாயாம். கையில் ஒரு தாள். உன் மச்சான் உன்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். நீ தாளைப் பார்த்துக்கொண்டே, “எல்லாம் லைசென்சுக்குள்ளதான் இருக்கு. தொள்ளாயிரத்து நாப்பது” என்று படித்தாயாம். மேனேஜர் இவரைக் காட்டி, “இவர் யார், உனக்குத் தெரிந்தவரா?” என்று கேட்டதற்கு, “இல்லை” என்றாயாம்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். “அவன் என்னா செய்வான், அவன் நெலம அப்படி” என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அப்பா எங்களைத் தெரியாது என்றார், பொறுத்துக்கொண்டேன். அவர் படிக்காதவர். நீயும் சொல்ல வேண்டுமா?

செல்லாயி

*

3 மார்ச் 1980

அக்கா,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அன்று மச்சானைத் தெரியும் என்று சொல்லியிருந்தால் மாலைக்குள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அதுதான் காரணம் என்று முதலில் எழுதினேன். அது பொய். மேனேஜருக்கு முன்னால் நான் அந்த ஏழு பேருடைய ஆளாக நிற்கப் பயந்தேன். அதுதான் உண்மை.

தொள்ளாயிரத்து நாற்பது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் தண்ணீர் எடுத்துச் சோதித்து அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும். ஜனவரியில் நான் எடுத்ததில் ஆறாயிரத்து இருநூறு வந்தது. மேனேஜர் பார்த்துவிட்டு, “தவறான இடத்தில் எடுத்திருக்கிறாய்” என்றார். சரியான இடத்தைக் காட்டினார். குளத்தின் மூலையில் மழைநீர் வாய்க்கால் வந்து சேரும் இடம். அங்கே எடுத்தால் தொள்ளாயிரத்து நாற்பது. அதிகாரி வந்தாலும் அந்த இடத்துக்குத்தான் அழைத்துப் போகிறார்கள். எண் பொய்யில்லை, இடம்தான் பொய். கீழே கையெழுத்து என்னுடையது.

தலைமை அலுவலகத்துக்காரர்கள் வந்தபோது சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் மேனேஜர் வீட்டுக்கே வந்து அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்தார். “உங்கள் மகன் இங்கே இருக்கும்வரை இந்த வீடு உங்களுடையது” என்றார். அப்பா இரண்டு கையையும் கூப்பினார். எனக்கு மட்டும்தான் அது வேறு மாதிரி கேட்டது.

பழைய லயம் இல்லை. போக வேறு இடம் இல்லை. ஒற்றைக்காலோடு அவரை எங்கே கொண்டு போவேன்? 1986 வரை நான் இங்கேதான். இரவில் அல்ல, பட்டப்பகலில், வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் கையெழுத்துப் போடுகிறேன்.

மச்சானிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லாதே. நேரில் கேட்க வேண்டும்.

ஐயாவு

*

17 மார்ச் 1980

ஐயாவுக்கு,

அப்பாவுக்காக என்று எழுதாதே. அவர் உன்னிடம் கேட்கவில்லை. அவருக்கு என்ன நடக்கிறதென்றே தெரியாது. உன் பயத்தை அவர் மடியில் வைக்காதே.

அவர் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக என் வீட்டு வாசலில் மீன் சாக வேண்டும். இதுதானே நீ சொல்வது? நல்ல நியாயம். இனி எழுத வேண்டாம்.

செல்லாயி

*

தெலுக் இந்தான்,
9 ஆகஸ்ட் 1982

அன்புள்ள அக்கா,

நீ எழுத வேண்டாம் என்றாய். இரண்டு வருடம் கேட்டுக்கொண்டேன். ஊரின் பெயரையே மாற்றிவிட்டார்கள், தலைப்பில் எழுதப் புதுசாக இருக்கிறது. நீ படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஒன்று செய்தேன். அதைச் சொல்ல உன்னைத் தவிர ஆள் இல்லை. குளத்தில் கிருமிகள் கழிவைத் தின்னும்போது ஒரு வாயு கிளம்பும். குமிழ் குமிழாக வரும். ஒரு பெரிய எண்ணெய்ப் பீப்பாயைக் கவிழ்த்து மிதக்கவிட்டு, அந்த வாயுவைப் பிடித்து, ஒரு குழாய் வைத்து நெருப்புக் காட்டினேன். எரிந்தது அக்கா. நீலமாக, சத்தமில்லாமல் எரிந்தது. சன்னாசி அண்ணன் அதில் கேத்தல் வைத்துக் காப்பி போட்டார். “சாணியில சாமி இருக்குன்னு சொல்லுவாங்க, இதுலயுமா?” என்றார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குளத்தை மூடி எல்லா வாயுவையும் பிடித்தால் கொதிகலனில் பாதி அதிலேயே ஓடும். மிஞ்சிய தண்ணீரைச் செம்பனைக்கே உரமாகப் பாய்ச்சலாம். ஆற்றுக்கு ஒரு சொட்டும் போக வேண்டியதில்லை. முப்பது பக்கம் டைப் அடித்துக் கொடுத்தேன். மேனேஜர் பீப்பாயை வந்து பார்த்தார், நெருப்பைப் பார்த்துக் குழந்தை மாதிரி கை தட்டினார். “நல்ல பொம்மை” என்றார். பிறகு பீப்பாயைக் கழுவி டீசல் ஊற்ற எடுத்துக்கொண்டார்கள். முப்பது பக்கமும் அலமாரியில் இருக்கிறது. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இப்போது மூன்று ஆலைகளின் தாளில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஈப்போவில் ஓர் ஆராய்ச்சி வேலைக்குக் கேட்டிருந்தேன். எடுத்துக்கொள்ளத் தயார், கம்பெனி விடுவிப்புக் கடிதம் கொண்டு வா என்றார்கள். கம்பெனி கொடுக்கவில்லை.

அம்மா உன் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் தினமும் ஆற்றைப் பார்க்கிற ஜன்னலில்தான் கீரை ஆய்கிறாள்.

ஐயாவு

*

5 ஜூலை 1983

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வருடம் ஆகிறது. படித்தேன். நெருப்பு எரிந்ததைப் படித்தபோது எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

உன் மச்சான் இறால் கூண்டையெல்லாம் வீட்டின் கீழே போட்டுவிட்டார். ஆறு மாதமாகப் பலகை ஆலையில் லோரிக்கு மரம் ஏற்றுகிறார். பெட்ரீசியாவுக்கு உடம்பெல்லாம் சொறி. கிளினிக்கில் ஆற்றுத் தண்ணீர் படக்கூடாது என்றார்கள். இங்கே குழாய்த் தண்ணீர் ஏது?

கம்பத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு புகார் எழுதியிருக்கிறோம். மலாயில் எழுதியது, நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி ஒருவர் வந்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “ஆலை அனுப்பும் கணக்கெல்லாம் சரியாக இருக்கிறது. வேறு எண் யாரிடமாவது இருந்தால்தான் மேலே போகலாம்” என்றார்.

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. நடந்ததை எழுதினேன், அவ்வளவுதான்.

செல்லாயி

*

1 ஆகஸ்ட் 1983

அன்புள்ள அக்கா,

இதோடு ஒரு நோட்டுப் புத்தகம் வரும். இராமசாமி கடையில் காகிதம் சுற்றிப் பார்சல் கட்டினேன்.

1979 ஜூன் முதல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அடிக்குழாய் வாயில் தண்ணீர் எடுத்துத் தனியாகச் சோதித்து வந்திருக்கிறேன். புட்டியில் நிரப்பி, மூடி, இருட்டில் மூன்று நாள் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் மூச்சு எவ்வளவு தீர்ந்தது என்று நான்காம் நாள் பார்க்க வேண்டும். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. யாரிடமும் காட்ட அல்ல. ஒரு இடத்திலாவது சரியானதை எழுதி வைக்க வேண்டும் போல இருந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட திங்கட்கிழமைகள். பக்கத்திலேயே அரசாங்கத்துக்கு அனுப்பிய எண்ணும் இருக்கிறது.

அதை அந்த அதிகாரியிடம் கொடு. எங்கிருந்து கிடைத்தது என்று சொல்ல வேண்டாம். என் கையெழுத்தை ஆலையில் எல்லாருக்கும் தெரியும், எப்படியும் கண்டுபிடிப்பார்கள். பரவாயில்லை. கொடுத்துவிடு.

ஐயாவு

*

19 ஆகஸ்ட் 1983

தம்பிக்கு,

நோட்டைத் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொண்டு அனுப்பவில்லை. முழுவதும் படி.

பத்து நாள் அரிசி டின்னுக்குள் வைத்திருந்தேன். எண் எண்ணாகப் பார்த்தேன். பெட்ரீசியாவுக்கு முதலில் சொறி வந்த வாரத்தைத் தேடினேன். ஏழாயிரத்து நூறு என்று இருந்தது. உன் கையெழுத்து எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். அதை நினைத்ததும் நோட்டைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. இத்தனை வருடம் உனக்குத் தெரிந்திருக்கிறது. திங்கட்கிழமை தவறாமல் தெரிந்திருக்கிறது.

இதை நான் கொடுத்தால் என்ன ஆகும்? உனக்கு வேலை போகும். அப்பாவும் அம்மாவும் தெருவுக்கு வருவார்கள். அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தவள் யார்? வீட்டை விட்டுத் துரத்தின மகள், பழி வாங்கிவிட்டாள். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அப்பாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டே சாவார். நீ பாவம், ஒன்றும் தெரியாத பிள்ளையாக நிற்பாய்.

நீ அப்படித் திட்டம் போட்டாய் என்று சொல்லவில்லை. ஆனால் உன்னால் திறக்க முடியாத கதவை என் கையால் திறக்கப் பார்க்கிறாய். நான் மாட்டேன். உன் மச்சானிடம் கேட்டேன். “அவன் எழுதுனத அவனே கொண்டு போயி குடுக்கட்டும். அதான் மொற” என்றார்.

கொடுக்கவில்லை என்றாலும் நீ என் தம்பிதான். இனி நோட்டும் வேண்டாம், நீலநெருப்பும் வேண்டாம். சும்மா கடிதம் எழுது.

அக்கா செல்லாயி

*

ஈப்போ,
12 டிசம்பர் 1983

அன்புள்ள அக்கா,

கொடுத்துவிட்டேன்.

மூன்று மாதம் ஆயிற்று, ஈப்போவில் அரசாங்கச் சுற்றுச்சூழல் அலுவலகப் படியை ஏற. இரண்டு தடவை பஸ்ஸில் வந்து, எதிர்க்கடையில் காப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் போனேன். மூன்றாம் தடவை போன மாதம் இருபத்தெட்டாம் தேதி. ஒரு பெண் அதிகாரி நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினார். அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு, “இரண்டு வரிசையும் நீங்கள் எழுதியதுதானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்படியானால் வழக்கில் உங்கள் பெயரும் வரும், தெரியுமா?” என்றார். தெரியும் என்றேன். வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதிகாரிகள் மறுவாரமே வந்து அடிக்குழாயை நேராகப் போய்ப் பார்த்தார்கள். அன்று மத்தியானம் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து விட்டார்கள். வீட்டுக்குப் போய்த் துணி எடுக்கவும் விடவில்லை. காவல்காரர் என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்கு வருடம் அவருக்கு வணக்கம் சொல்லியிருக்கிறேன்.

ஈப்போவில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்திருக்கிறேன். இரண்டு கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒன்றில் என் பேரைக் கேட்டதுமே போனை வைத்துவிட்டார்கள். வெளியே வந்துவிட்டால் மூச்சு விடலாம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை அக்கா. கேட்டுக்கு உள்ளே அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். பதினான்கு நாளில் வீட்டைக் காலி செய்யும்படி அப்பா பேருக்கு நோட்டீஸ் போயிருப்பதாகச் சன்னாசி அண்ணன் ஆள் விட்டுச் சொன்னார். அப்பாவுக்கு நான் என்ன செய்தேன் என்றுகூட என் வாயால் சொல்ல முடியவில்லை. மேனேஜர் சொல்லித்தான் தெரிந்திருக்கும்.

கேட்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். நீ போய்ப் பார்.

ஐயாவு

*

8 ஜனவரி 1984

அன்புத் தம்பிக்கு,

அப்பாவும் அம்மாவும் இங்கே இருக்கிறார்கள். முதலில் அதைப் படித்துவிட்டு மூச்சுவிடு. மற்றதை மெதுவாக எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்த அன்றே உன் மச்சான் பலகை ஆலை லோரிக்குச் சொல்லி வைத்தார். நாங்கள் போனது இருபத்து மூன்றாம் தேதி, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு. கேட்டில் எங்களைத் தடுக்கவில்லை. காலி செய்ய வந்தவர்கள் என்றதும் விட்டுவிட்டார்கள். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அம்மாவைப் பார்த்தேன். நான் நினைத்திருந்ததில் பாதிதான் இருந்தாள். என் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பாத்திரத்த மொதல்ல ஏத்து” என்றாள்.

நாங்கள் வருவதற்கு முந்தின நாள் நடந்ததை அம்மா லோரியில் வரும்போது சொன்னாள்.

மேனேஜரும் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியும் ஒரு தாளோடு வந்திருக்கிறார்கள். கிராணி தமிழில் படித்துச் சொன்னாராம். உனக்குக் கொஞ்ச நாளாகப் புத்தி சரியில்லை, அந்த நோட்டில் இருப்பதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து நீயாகக் கற்பனையாக எழுதியது, அதை அப்பா கண்ணால் பார்த்தார். இதுதான் தாளில் இருந்தது. அப்பா கைநாட்டு வைத்தால் போதும், சாகும்வரை அந்த வீட்டிலேயே இருக்கலாம். மை டப்பாவைத் திறந்து அவர் தொடைமேலேயே வைத்துவிட்டார்களாம்.

அப்பா ரொம்ப நேரம் மையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அம்மா சொல்கிறாள், “வச்சிருவாருன்னுதான் நெனச்சேன். வைக்கட்டும்னுகூட நெனச்சேன்.” பிறகு கிராணியைக் கேட்டிருக்கிறார்.

“அவன் எழுதுனது பொய்யா, நெசமா?”

கிராணி மேனேஜரைத் திரும்பிப் பார்த்தாராம்.

“நெசந்தானே?”

கிராணி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அப்போது அப்பா சொன்னாராம்: “எம் மவள நான் வெரட்டுனேன். அதுக்கு யாரும் எங்கிட்ட கைநாட்டு கேக்கல. மவன வெரட்டுறதுக்கு மட்டும் எதுக்குய்யா கைநாட்டு? எடுத்துட்டுப் போங்க.”

மை டப்பாவை மூடி அவரே கையில் கொடுத்தாராம்.

அந்த வார்த்தையை அம்மா வாயிலிருந்து கேட்டபோது லோரி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் நீ நினைக்கிற மாதிரி எல்லாம் சுகமாகிவிடவில்லை. எங்கள் வீட்டு வாசலுக்கு லோரி வந்தது. அப்பா இறங்க மறுத்தார். சக்கர நாற்காலியைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. அம்மா கெஞ்சினாள். நான் கிட்டேயே போகவில்லை. நான் போனால் இன்னும் இறுகிப்போவார். ஒரு மணி நேரம் அப்படியே லோரியில் உட்கார்ந்திருந்தார். பிறகு உன் மச்சான் போய் லோரிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். ஒன்றும் கூப்பிடவில்லை. சும்மா நின்றார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் முதுகு வேர்த்து நனைந்துகொண்டே வந்தது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கையை நீட்டி அவர் தோளைப் பிடித்தார். படி ஏறும்போது, “கனமா இருக்கேனா?” என்று கேட்டது எனக்குக் கேட்டது. “மரத்தவிட இல்ல மாமா” என்றார் இவர்.

அதற்குப் பிறகு இந்தப் பதினாறு நாளில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறார். பெட்ரீசியா பேசுவதற்கெல்லாம் “ம்” போடுகிறார். சாமி படத்துக்கும் சிலுவைக்கும் நடுவில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இது அவருக்கு வீடு இல்லை, வேறு வழி இல்லாமல் இருக்கிற இடம். எனக்கும் அது தெரிகிறது. சில நேரம் எனக்கே மூச்சு முட்டுகிறது. ஒரே அறையில் ஐந்து பேர்.

சன்னாசி அண்ணன் வந்திருந்தார். மூன்றாவது குளத்துக்கு இடம் அளந்திருக்கிறார்களாம், செம்பனைக் கன்றைப் பிடுங்கிவிட்டு. வெட்டுவார்களா மாட்டார்களா தெரியாது. அடிக்குழாயில் சீல் வைத்திருக்கிறார்களாம். வேறு குழாய் இருக்கிறதா என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன் வழக்கு பிப்ரவரியில் என்றும் அவர்தான் சொன்னார். உன் மச்சான் லீவு சொல்லிவிட்டார். கோர்ட்டில் அவர் உன் பக்கத்தில் நிற்பார். யாராவது கேட்டால் தெரிந்தவர் என்று சொல்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா என் பக்கம் திரும்பினார். “அவனுக்கா எழுதுற?” என்றார். எனக்குப் பேனா நின்றுவிட்டது. “ஆமாப்பா” என்றேன்.

ஜன்னல் வழியே ஆற்றைக் காட்டினார்.

“முந்தாநேத்து மழ பேஞ்சிச்சில்ல. நேத்துக் காலையிலயும் கறுப்பாத்தான் வந்துச்சு. நான் பாத்தேன். தேதியப் போட்டு அதையும் எழுது.”

எழுதிவிட்டேன், தம்பி. ஜனவரி ஏழு, சனிக்கிழமை காலை. அப்பா பார்த்தது.

செல்லாயி